மழை எந்தப் பக்கம்? நீலகிரிக்குக் கிளம்பும் முன் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு கோத்தகிரியில். பாட்டி இலங்கை மலையகத்தில் கொழுந்து பறித்தவர். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தவர். அம்மா டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில் பறித்து ஓய்வு பெற்றார். எனக்கு அரை ஏக்கர் தேயிலை, மனைவிக்குப் பள்ளிக்கூட வேலை, இரண்டு பிள்ளைகள். கோவை, திருப்பூர், மதுரை என்று கீழே இருக்கிற சொந்தபந்தம் அத்தனையும் எங்களைத் தகவல் நிலையமாகத்தான் வைத்திருக்கிறது. ஒரே கேள்விக்கு வருஷம் முழுக்கப் போனில் பதில் சொல்லி அலுத்துப்போனதால் எழுதியே வைத்துவிட்டோம்.

நீலகிரிக்கு வர எந்த மாதம் நல்லது?

எல்லோரும் மாதத்தைத்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது பக்கத்தை. இந்த மலைக்கு இரண்டு பக்கம் உண்டு, மழையும் இரண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கமிருந்து ஏறும். கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சி எல்லாம் நனைந்து ஊறிக்கிடக்கும். அதே நாளில் கோத்தகிரியில் காற்றும் தூறலும் மட்டும்தான் இருக்கும். பல நாள் வெயிலே அடிக்கும். அக்டோபரில் கதை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை கிழக்கிலிருந்து வந்து கோத்தகிரியையும் குன்னூரையும் அடிக்கும். கூடலூர்க்காரர்கள் துணி காயப்போடுவார்கள்.

எவ்வளவு அடிக்கும் என்பதற்கு இரண்டு கணக்கு சொல்கிறேன். 2009 நவம்பரில் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே இருக்கும் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது. 2019 ஆகஸ்டில் மேற்கே அவலாஞ்சியில் ஒரே நாளில் அதே 82 செ.மீ. பருவமும் வேறு, பக்கமும் வேறு. மலை மட்டும் ஒன்று.

ஆகவே எந்த மாதமும் வரலாம். நனைகிற பக்கத்தில் அறை போட்டுவிட்டு வானத்தைத் திட்டாமல் இருந்தால் போதும்.

அப்படியானால் ஜூன், ஜூலையில் வந்து வீணாகப் போகாதா?

போகாது. எங்களைக் கேட்டால் கோத்தகிரிக்கு அதுவும் நல்ல காலம்தான். கூட்டம் இறங்கியிருக்கும். மேகம் மேற்கிலிருந்து தொட்டபெட்டாவைத் தாண்டி வரும்போது பாதி சுமையை அங்கேயே இறக்கிவிட்டு வரும்; 2,637 மீட்டர் உயரமுள்ள சுவர் அது. கோடநாடு காட்சிமுனைக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விட்டால், கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கும் தெங்குமரஹாடா வயல்களும் தெரியும். பத்து மணிக்கு மேல் போனால் வெள்ளைத்தாளைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். மசினகுடிப் பக்கமும் அப்போது அவ்வளவாக நனையாது. அரை மணி தூரத்தில் கூடலூர் வெள்ளக்காடாக இருக்கும்போது மசினகுடியில் புழுதி பறந்ததை நாங்களே பார்த்திருக்கிறோம்.

மேற்கே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் அட்டைக்குத் தயாராகப் போங்கள். பாட்டி காலில் சவுக்காரத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டு மலைக்குப் போவாராம். நாங்கள் உப்புத்தூளைத் துணியில் முடிந்து எடுத்துப்போகிறோம். கடித்த அட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள், உப்பைத் தொட்டு வைத்தால் தானாக விழும்.

அக்டோபர், நவம்பர்?

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. செப்டம்பரிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை ‘இரண்டாம் சீசன்’ என்போம். பூங்காக்களில் புதுப் பூ, நிதானமான கூட்டம், நல்ல காலம். அதற்குப் பிறகு வானிலை அறிக்கை பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2009 நவம்பர் மண்சரிவில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரம் மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. பால், காய், எதுவும் வரவில்லை. அரிசியும் கருவாடும் இருந்ததால் நாங்கள் தப்பித்தோம்.

ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்று அறிவித்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அறைக்குக் கட்டின முன்பணம் போனால் போகட்டும். ஏற்கெனவே மேலே வந்துவிட்டீர்கள் என்றால் இராத்திரியில் இறங்க முயலாமல், இருக்கிற இடத்திலேயே இருங்கள். மலையை வெட்டிச் சமன்செய்து புதிதாகக் கட்டிய இடமா, பின்சுவரை ஒட்டிச் செங்குத்தான மண் நிற்கிறதா என்று அறை எடுக்கும்போதே ஒரு பார்வை பாருங்கள். இந்தக் கேள்வியை எங்களிடம் யாரும் கேட்பதில்லை. ‘வியூ’ எப்படி என்றுதான் கேட்கிறார்கள்.

அந்த மழை ஓய்ந்த மறுவாரம் மட்டும் வர முடிந்தால், அரவேணுப் பக்கத்துக் கேத்தரின் அருவியைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. வேறு வழி?

வாருங்கள், ஆனால் வார நாளில். மே மாதத்தில் ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க்கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி, எங்கள் ஊர் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி என்று வரிசையாக நடக்கும். மலர்க்கண்காட்சிக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் பூவைவிட முதுகுகளை அதிகம் பார்க்கலாம். காய்கறிக் கண்காட்சியில் கத்தரிக்காயால் செய்த பொம்மை, பூசணியில் செதுக்கிய முகம் எல்லாம் இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு மலரைவிட அதுதான் பிடிக்கிறது.

இன்னொன்று, மேயில் தண்ணீர்ப் பஞ்சம் உண்டு. ஊரே மேகத்துக்குள் இருக்கும், குழாயில் தண்ணீர் வராது. இரண்டு வாளியில் குளிக்கத் தெரிந்தவர்களை மலைக்குப் பிடிக்கும்.

இ-பாஸ் வேண்டுமா?

சொந்த வண்டி, வாடகை வண்டி என்றால் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7-ஆம் தேதி இந்த முறை வந்தது. 2025 சீசனில் வார நாளுக்கு 6,000 வண்டி, வாரக்கடைசியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். இந்த எண்கள் மாறலாம், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வந்தால் இந்தத் தொல்லை கிடையாது.

அப்படியே இன்னொன்றும்: பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். சோதனைச் சாவடியில் வாதாடி ஜெயித்தவர் யாரும் எங்கள் சொந்தத்தில் இல்லை.

மலைப்பாதையில் ஓட்டிப் பழக்கம் இல்லை. நானே ஓட்டி வரலாமா?

ஏறுவது எளிது, இறங்குவதில்தான் விஷயம் இருக்கிறது. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இது எங்கள் ஊர் பஸ் டிரைவர்கள் எல்லோரும் சொல்வது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பர்லியார் வருவதற்குள் தீய்ந்த வாடை வரும். வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள்; சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் முந்தக் கூடாது, நின்று செல்பி எடுக்கக் கூடாது. பனிமூட்டத்தில் ஹைபீமைப் போட்டால் உங்களுக்கே கண் தெரியாது, லோபீமில் வாருங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு பாதை உண்டு: குன்னூர் வழி, கோத்தகிரி வழி. சீசனில் பெரும்பாலும் குன்னூர் வழியே ஏறி, கோத்தகிரி வழியே இறங்கும்படி ஒருவழியாக்கிவிடுவார்கள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிப் பாதையை வரைபடம் குறுக்கு வழி என்று காட்டும். நம்பாதீர்கள். வெளியூர் வண்டிகள் அதில் கீழே இறங்க அனுமதி இல்லை, காரணத்தோடுதான்.

மைசூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதை நினைவில் வைக்கவும்.

வளைவில் வாந்தி வருமே?

வெறும் வயிற்றிலும் வராதீர்கள், பொங்கல் வடையோடும் வராதீர்கள். இரண்டு இட்லி. முன் சீட், திறந்த ஜன்னல், தூரத்துப் பார்வை. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவது அத்தையின் வைத்தியம். பலிக்கிறதோ இல்லையோ கையில் ஒரு வேலை இருக்கும். போனைப் பார்த்தால் நிச்சயம் வரும்.

மலை ரயிலில் டிக்கெட் கிடைப்பதே இல்லையே?

எல்லோரும் கேட்பது மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் கிளம்பும் ரயிலை. அது 46 கி.மீ., ஏறி முடிக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல்சக்கரத் தண்டவாளம்; ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி ஏற்றம், பின்னாலிருந்து எஞ்சின் தள்ளும். குன்னூர் வரை 1899-இலும், ஊட்டி வரை 1908-இலும் ரயில் ஓடத் தொடங்கியது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. அதற்கப்புறம் டிக்கெட் இன்னும் கஷ்டம்.

எங்கள் யோசனை: முன்பதிவு கிடைக்காவிட்டால் பஸ்ஸில் குன்னூர் வந்துவிடுங்கள். குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் பகலில் வேறு ரயில்களும் உண்டு. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நின்று நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். கேத்திப் பள்ளத்தாக்கு திறக்கிற இடத்தில் பெட்டியே ‘ஓ’ என்று கத்தும், ஒவ்வொரு தடவையும். நிலையத்துக்குச் சற்று முன்னாலேயே போய் வரிசையில் நில்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை: வடகிழக்குப் பருவமழையில் தண்டவாளத்தில் மண் சரிந்து நாள்கணக்கில் ரயில் நிற்கும். நவம்பர் பயணத்தை ரயிலை நம்பித் திட்டமிடாதீர்கள்.

டிசம்பரில் ‘ஸ்னோ’ விழுமா?

விழாது. பிள்ளைகளுக்கு அப்படி ஆசை காட்டி அழைத்து வராதீர்கள், கடைசியில் அழுகையைச் சமாளிப்பது நாங்கள். இங்கே இருப்பது உறைபனி. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் இறங்கித் தேங்கும். அதனால்தான் ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்ந்த புல்வெளிகள் விடிகாலையில் வெள்ளையாக இருக்கும்போது, சரிவில் இருக்கிற எங்கள் வீட்டில் வெறும் பனித்துளிதான் இருக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை, சூரியன் எழுவதற்கு முன் போக வேண்டும். வெயில் பட்ட அரை மணியில் எல்லாம் கரைந்துவிடும். வண்டிக் கண்ணாடி உறைந்திருந்தால் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

அழகுதான். ஆனால் அந்தப் பக்கம் தேயிலை வைத்திருக்கிறவர்களுக்கு அது கருகின கொழுந்து. நீங்கள் படம் எடுக்கிற புல்வெளிக்கு அடுத்த தோட்டத்தில் ஒருவர் செடியை மூட இலை தழை போட்டுக்கொண்டிருப்பார்.

பகல் வெளிச்சம் துடைத்துவைத்ததுபோல் இருப்பதும் இந்த மாதங்களில்தான். தூரக்காட்சி வேண்டுமென்றால் ஜனவரி. எங்கள் வீட்டு ஓட்டு ஜனவரிக்குத்தான்.

எவ்வளவு கம்பளி கொண்டுவர வேண்டும்?

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், குன்னூர் 1,850, ஊட்டி 2,240. மேட்டுப்பாளையத்தைவிட எங்கள் ஊரே எட்டு, பத்து டிகிரி குறைவு, ஊட்டி இன்னும் இரண்டு, மூன்று டிகிரி. தடியாக ஒன்று வேண்டாம், மெல்லிசாக மூன்று போதும்: பனியன், ஸ்வெட்டர், மேலே காற்றுப் புகாத ஜெர்கின். மதியம் ஒன்றைக் கழற்றலாம், ஐந்து மணிக்கு மறுபடி போடலாம். குல்லா காதை மூட வேண்டும். சாக்ஸ் இரண்டு ஜோடி கூடுதலாக. மழைக்காலத்தில் துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது. குளிரில் வெயில் உறைக்காது என்று நினைத்து மூக்குத் தோல் உரிந்து போனவர்கள் உண்டு, தொப்பியும் வேண்டும்.

அறைக்குள் கணப்பு வைத்துக்கொள்ளலாமா?

கரி போட்ட அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கவே கூடாது. கரியிலிருந்து வருகிற நச்சுவாயுவுக்கு வாடை இருக்காது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். யாராவது அறைக்குக் கரிச்சட்டி கொண்டுவந்து தந்தால் திருப்பி அனுப்புங்கள், இன்னொரு கம்பளி கேளுங்கள்.

சமைத்துச் சாப்பிடும் வசதியுள்ள இடத்தில் தங்குகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், பருப்பு வேகாது. குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேக வைக்க முயன்ற என் மைத்துனர் மத்தியானச் சாப்பாட்டைச் சாயங்காலம் சாப்பிட்டார். குக்கரிலும் கீழே விடுவதைவிட ஒன்றிரண்டு விசில் கூடுதலாக விடுங்கள்.

அதைவிடப் பெரிய பிரச்சினை தோசை மாவு. குளிர்காலத்தில் இராத்திரி அரைத்து வைத்தால் காலையில் அப்படியே இருக்கும், சிலை மாதிரி. மனைவி பாத்திரத்தைப் பழைய போர்வையில் சுற்றி அடுப்பு மேடையோரம் வைப்பார்; அதற்கும் ஒன்றரை நாள் ஆகும். எங்கள் வீட்டில் நல்ல போர்வை மாவுக்குத்தான், எங்களுக்கு மிச்சம்.

எந்தக் காலத்தில் எந்தப் பழம், காய்?

ஏப்ரல், மே, ஜூனில் குன்னூர்ப் பக்கம் பிளம்ஸ், பீச். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பர்லியார், கல்லாறு வழியே வந்தால் சாலையோரத்தில் மங்குஸ்தான், பலா. அதிர்ஷ்டம் இருந்தால் துரியன், மூக்கு இருந்தால் துரதிர்ஷ்டம். கேரட், பீட்ரூட், நூக்கல் வருஷம் முழுக்க உண்டு. மண்ணோடு இருக்கிற கேரட்டை வாங்குங்கள், பளபளவென்று கழுவினது சீக்கிரம் அழுகும். மலைப்பூண்டு கிடைத்தால் விடாதீர்கள். வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட் வாங்கினால் அன்றைக்குச் சுட்டதா என்று கேட்டு வாங்கி, டீயில் தோய்த்துச் சாப்பிடுங்கள்.

தேயிலை எங்கே வாங்குவது, எதை வாங்குவது?

சுற்றுலா வண்டி நிற்கிற இடத்தில் வாங்காதீர்கள். ‘சாக்லேட் டீ’, ‘மசாலா டீ’ என்று வாசனை ஏற்றியதும் வேண்டாம். குளிர் மாதங்களில் கொழுந்து மெதுவாக வளரும், வாசம் கூடும். ஜனவரி, பிப்ரவரியில் தயாரித்த இலைத்தூளைக் கேட்டு வாங்கிப் பாலில்லாமல் குடித்துப் பாருங்கள். பாட்டி கடைசி வரை அதைத் ‘தேத்தண்ணி’ என்றுதான் சொன்னார். ஒரு வாய் தேத்தண்ணி, ஒரு கடி கருப்பட்டி. பால் டீ கொடுத்தால் ‘இது பாயாசம்’ என்று வைத்துவிடுவார்.

காட்டு விலங்குகள் ஊருக்குள் வருமா?

நாம்தான் அவற்றின் வழியில் வீடு கட்டியிருக்கிறோம். தேயிலைத் தோட்டத்தில் கறுப்பாகப் பெரிதாக நிற்பது எருமை இல்லை, காட்டுமாடு. சாதுவாகத் தெரியும். முப்பது அடிக்குள் போய்ப் படம் எடுக்க நினைக்காதீர்கள், சரிவில் அது ஓடுகிற வேகத்துக்கு நாம் ஈடில்லை. எங்கள் ஊரின் தனிச்சிறப்பு கரடி. எண்ணெய் வாசனைக்குக் கோவிலுக்குள்ளும் பேக்கரிக்குள்ளும் நுழையும். இரவு எட்டு மணிக்கு மேல் நாங்களே தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் நடப்பதில்லை. பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் சாலையில் யானை நிற்கும். ஹாரன் அடிக்காமல், இறங்காமல், பின்வாங்கி வழி விடுங்கள்.

அடுத்த குறிஞ்சி எப்போது?

நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை. 2006, 2018, அடுத்தது 2030. நடுநடுவே வேறு குறிஞ்சி வகைகள் அங்கங்கே பூக்கும்; செய்தியில் பார்த்துவிட்டு ‘பூத்துவிட்டதாமே’ என்று எங்களைக் கூப்பிடுவார்கள். பூ இல்லாத வருஷத்தில் ஏமாற்றம் வேண்டாம்: மார்ச், ஏப்ரலில் ஊதா ஜகரண்டா சாலையோரமெல்லாம் இருக்கும்.

கூட்டமில்லாத ஒரே ஓர் இடம் சொல்லுங்கள்.

லாங்வுட் சோலை. கோத்தகிரி ஊருக்குப் பக்கத்திலேயே 116 ஹெக்டேர், 2024-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மழையைப் பஞ்சுபோல் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் கீழ் ஊர்களுக்குச் சொட்டுச் சொட்டாக விடுகிற காடு. வனத்துறை அனுமதியோடு, சத்தமில்லாமல் போக வேண்டும். சத்தம் போடாத குழு என்றால் மட்டும் போங்கள். மற்றவர்களுக்கு ஊட்டி ஏரி இருக்கிறது, படகும் இருக்கிறது.

தோடர் பழங்குடியினரின் ‘மந்து’ என்கிற குடியிருப்பைப் பார்க்கலாமா?

அது மனிதர்கள் குடியிருக்கிற ஊர், காட்சிசாலை இல்லை. தெரிந்தவர் மூலம், கேட்டுவிட்டுப் போங்கள். கோயிலை நெருங்காதீர்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழை எண்ணித் தைக்கிற அவர்களுடைய பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வாங்கினால் தைத்தவர் கையிலிருந்தே வாங்குங்கள், பேரம் பேசாமல். டிசம்பர், ஜனவரியில் வந்தால் படகர் சமூகத்தாரின் ஹெத்தையம்மன் பண்டிகை நடக்கும். பேரகணிக்கு வெள்ளை உடுப்பில் ஊர் ஊராக நடந்துபோவதைச் சாலையோரம் நின்று பார்த்தாலே மனசு நிறையும்.

வயதானவர்களை அழைத்து வரலாமா?

இந்த உயரத்தில் மூச்சுக்குப் பெரிய சிரமம் இருக்காது. ஆஸ்துமா, இருதயக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். மற்றபடி தடுக்கிறது குளிர் இல்லை, படிக்கட்டு. இந்த ஊரில் எந்த வீட்டுக்கும் இருபது படி இறங்க வேண்டும் அல்லது ஏற வேண்டும். அறை எடுக்கும்போது சாலையிலிருந்து எத்தனை படி என்று கேளுங்கள். ‘கொஞ்சம்தான்’ என்றால் முப்பது.

உங்கள் வீட்டில் தங்கலாமா?

நாங்கள் விடுதி நடத்தவில்லை. சொந்தக்காரர்கள் வரலாம், முன்னாடியே சொல்லிவிட்டு. வரும்போது கீழேயிருந்து ஒரு தூக்குவாளி புளித்த மாவு கொண்டுவந்தால் நல்ல போர்வை உங்களுக்கு.